பிரஸ்ஸுக்குப் போகும் முன்: சேலத்தில் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு

செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சகத்தின் டிடிபி (கணினியில் பக்கம் அமைக்கும்) மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தேன். கடை திறக்க நாள் குறித்துவிட்டு, அதற்கு நாலு நாள் இருக்கும்போது, “ண்ணா, விசிட்டிங் கார்டு, பில் புக், நோட்டீஸ், பை எல்லாம் வேணுங்க” என்று வந்து நிற்பார்கள். மேட்டர் (அச்சிட வேண்டிய வாசகம்) எங்கே என்று கேட்டால், “நீங்களே நல்லாப் போட்டுருங்க” என்பார்கள். நாங்களும் போடுவோம். எங்களுக்குத் தெரிந்ததைத்தானே போட முடியும்? வெள்ளிக் கொலுசு வியாபாரிக்கு மளிகைக் கடை பில் புக் அச்சாவது இப்படித்தான்.

இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். தங்கை ஏற்காட்டில் காப்பித் தூள் விற்கிறாள், அச்சு வேலையெல்லாம் என் தலையில். இரண்டு பக்கமும் பார்த்ததில் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எது முதலில், எத்தனை

ஆஃப்செட்டில் அடிக்க நிறத்துக்கு ஒரு பிளேட் வேண்டும். மல்டி கலர் என்றால் நாலு பிளேட். நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் செலவும் மிஷினைத் தயார்செய்யும் கூலியும் ஒன்றுதான். “ஆயிரமாப் போட்டுக்கங்க, கொஞ்சந்தான் கூட ஆகும்” என்று பிரஸ்காரர் சொல்வது ஏமாற்று வேலை இல்லை, கணக்கு அப்படித்தான் வருகிறது. ஆனால் முதல் வருடத்தில் போன் நம்பர் மாறும், கடை இடம் மாறும், கூட்டாளி விலகுவார். ஆயிரம் கார்டில் எழுநூறு பீரோவுக்கு அடியில் கிடக்கும்.

ஆகவே முதல் தடவை பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் பிரிண்டில் நூறோ இருநூறோ கார்டு போதும். ஒன்றின் விலை கூடுதலாகத் தெரியும், மொத்தச் செலவு குறைவு. அதோடு, மலிவு விலை ஆஃப்செட் கார்டுகளைப் பல பேருடையதோடு சேர்த்து ஒரே பெரிய தாளில் அடிப்பார்கள். பக்கத்துக் கார்டுக்காக மை கூட்டினால் உங்கள் கார்டின் நிறமும் நகரும். போன தடவை மாதிரியே வரவில்லையே என்று சண்டை போட்டுப் பயனில்லை.

கைக்காசு குறைவு என்றால் என் வரிசை இது: பில் புக், பொருளின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர், பிறகு கார்டு. லெட்டர்ஹெட் அடிக்கவே வேண்டாம், கணினியில் ஒரு பிடிஎஃப் இருந்தால் காலம் தள்ளலாம். நோட்டீஸை யார் எந்தத் தெருவில் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகு அடியுங்கள்.

மேட்டரை ஒரே தாளில்

போனில் சொல்லாதீர்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதீர்கள். ஒரே தாளில், ஒரே தடவையில், எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். கடைப் பெயர் தமிழில் எப்படி, ஆங்கிலத்தில் எப்படி என்பதை ஜிஎஸ்டி சான்றிதழையும் வங்கிக் கணக்கையும் பார்த்து எழுதுங்கள். ‘ஸ்ரீ’ ஒன்றில் இருக்க, மற்றதில் இல்லாவிட்டால் பிறகு காசோலையில்தான் சிக்கல் தெரியும்.

ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும், அதன் பின் வரும் 10 இலக்கமும் உங்கள் பான் எண். பான் கார்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பாதிப் பிழை அங்கேயே பிடிபடும். உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் 14 இலக்கம். பின்கோடும் முக்கியம்: செவ்வாய்ப்பேட்டை 636002, ஏற்காடு 636601. ‘சேலம்-2’ என்று பழைய வழக்கத்தில் போட்டால் கூரியர் பையனுக்குப் புரியாது. லேண்ட்லைன் போடுவதாக இருந்தால் சேலத்துக்கு 0427, ஏற்காட்டுக்கு 04281. மலையில் கடை வைத்தவர்கள் பழக்கதோஷத்தில் 0427 எழுதிக் கொடுத்து, நானும் அப்படியே அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அளவும் தாளும்

விசிட்டிங் கார்டு பொதுவாக மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலம். 300 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேல் ஆர்ட் போர்டு கேளுங்கள். பில் புக்குக்கு 60, 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (பூச்சில்லாத சாதாரண வெள்ளைத் தாள்) போதும். நோட்டீஸ் சொல்லும்போது ‘சின்ன சைஸ்’ என்று சொல்லாதீர்கள். ஏ5 என்பது ஒன்று, டெம்மி என்ற தாள் அளவில் எட்டில் ஒன்று என்பது இன்னொன்று. கிட்டத்தட்ட ஒரே அளவுதான், ஆனால் கட்டிங்கில் ஒரு வரி போவதற்கு அந்தக் ‘கிட்டத்தட்ட’ போதும்.

லேமினேஷன் விஷயத்தில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதன் மேல் யாராவது எழுதுவார்களா? டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கார்டு, டெய்லர் கடை டோக்கன், துணி விலை டேக் எல்லாம் எழுதுவதற்கானவை. லேமினேஷன் போட்ட பக்கத்தில் பால்பாயின்ட் வழுக்கும், இல்லை இழுகும். பின்பக்கத்தை வெறுமனே விடச் சொல்லுங்கள். மடிக்கும் அட்டை என்றால் மடிப்பு வரும் இடத்தில் கிரீசிங் (மடிப்புக்கான பள்ளக் கோடு) உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும்.

மலைக்காரர்களுக்கு இன்னொன்று. தாள் ஈரத்தை இழுக்கும். கீழே சேலத்தில் பலகை மாதிரி நின்ற அட்டை, ஏற்காட்டு மூடுபனியில் இரண்டு நாள் திறந்து கிடந்தால் வில்லாக வளையும். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டது இன்னும் மோசம், ஏனென்றால் மறுபக்கம் மட்டும் உப்பும். இரண்டு பக்கமும் போடுங்கள், இல்லை போடவே வேண்டாம். வந்த கட்டைப் பாலித்தீன் உறையோடு வைத்து, தேவைக்கு மட்டும் பிரியுங்கள்.

தமிழ் எழுத்து உடையும் இடம்

அதிகம் கெடுவது இங்கேதான். பல அச்சகங்களில் இன்றும் பழைய கோரல்டிரா மென்பொருளும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவும்தான். நீங்கள் செல்போனில் அடிப்பது யூனிகோடு. இரண்டும் வேறு வேறு கணக்கு. பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி நிற்கும். யூனிகோடைப் பழைய மென்பொருளில் ஒட்டினால் ‘கொலுசு’வின் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று பிரிந்து நிற்கும். ஃபோட்டோஷாப்பிலும் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இதே கூத்துதான்.

அதனால் ஆபரேட்டர் பெரும்பாலும் உங்கள் மேட்டரைத் திரும்ப அடிப்பார். பிழை நுழைவது அந்தக் கையில். பாமினியில் ‘ள’வும் ‘ன’வும் பக்கத்துப் பக்கத்து விசைகள். ‘காப்பித் தூள்’ ‘காப்பித் தூன்’ ஆக விரல் ஒன்று நகர்ந்தால் போதும். என் விரலும் நகர்ந்திருக்கிறது.

ஒற்று இன்னொரு தலைவலி. ‘ஏற்க்காடு’ என்று எத்தனை போர்டுகள் தொங்குகின்றன என்று மலையேறும்போது எண்ணிப் பாருங்கள். ற்-க்குப் பின்னால் இன்னொரு ஒற்று வராது, ‘ஏற்காடு’தான். ‘வெள்ளிக் கொலுசு’க்கு க் வேண்டும், ‘செவ்வாய்ப்பேட்டை’க்குப் ப் வேண்டும். உங்களுக்குச் சந்தேகம் என்றால் தமிழாசிரியர் யாரையாவது கேளுங்கள். ஆபரேட்டரைக் கேட்காதீர்கள். அவர் ஒரு நாளைக்கு நாற்பது வேலை பார்க்கிறவர், நீங்கள் சொல்வதற்குத் தலையாட்டுவார்.

எல்லாம் சரியான பிறகு, எழுத்துகளை ‘கர்வ்ஸ்’ ஆக்கிய பிடிஎஃப் ஒன்றை அச்சுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து படமாக மாறிவிடும், எந்தக் கணினியில் திறந்தாலும் உடையாது. வேலையைச் சிவகாசிக்கோ வேறு ஊருக்கோ அனுப்பி அடித்து வாங்கும் அச்சகமென்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள். ஆனால் கர்வ்ஸ் ஆனதில் பிறகு திருத்த முடியாது, ஆக்காத மூலக் கோப்பும் பத்திரமாக இருக்க வேண்டும்.

நிறம், படம், ஓரம்

செல்போன் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. திரையில் பளீரென்ற கிளிப்பச்சையும் நீலமும் தாளில் மங்கித்தான் வரும். லோகோவை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோ என்றால் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்க வேண்டும். கூகுளில் எடுத்த படம் வேண்டவே வேண்டாம், அடுத்தவர் சொத்து.

பின்னணி நிறம் ஓரம்வரை போவதாக இருந்தால், நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு டிசைன் செய்ய வேண்டும். எழுத்துகள் ஓரத்திலிருந்து அதே அளவாவது உள்ளே இருக்கட்டும். கட்டிங் கத்தி முடியளவு நகரத்தான் செய்யும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பொடி எழுத்து அழகாகத் தோன்றும். தமிழில் அதைச் செய்யாதீர்கள். ‘ண’, ‘ஞ’ சுழிகளெல்லாம் மையில் அடைந்துபோகும்.

பில் புக்: இங்கே அவசரப்படாதீர்கள்

முதலில் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு கேள்வி: நான் எந்த வகை? சாதாரண ஜிஎஸ்டி பதிவு என்றால் ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’. காம்போசிஷன் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி) திட்டம் என்றால் ‘பில் ஆஃப் சப்ளை’. அதன் தலைப்பிலேயே, தான் காம்போசிஷன் வரியாளர் என்பதையும் வரி வசூலிக்கத் தகுதி இல்லை என்பதையும் குறிக்கும் ஆங்கில வாசகம் இருக்க வேண்டும். பதிவே இல்லை என்றால் வரிக் கட்டமே இல்லாத சாதாரண பில். மூன்றையும் குழப்பி அடித்த புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பில் எண் தொடர்ச்சியாக, ஒரு நிதியாண்டில் திரும்ப வராததாக, கோடும் சாய்வுக்கோடும் சேர்த்து 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தலைப்பில் நிதியாண்டையும் சேர்த்து அச்சடித்தால், மார்ச் 31-க்குப் பிறகு மிச்சப் புத்தகம் அத்தனையும் வீண். ஆண்டுக்கு ஒரு காலி இடம் விட்டு ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை ஆர்டர் கொடுக்கும்போது எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். நம்பரிங் மிஷினுக்கு உங்கள் பழைய புத்தகம் எங்கே முடிந்தது என்று தெரியாது.

பொருள் விற்பவர் மூன்று பிரதி வைக்க வேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. சேவை மட்டும் என்றால் இரண்டு போதும். ‘50 பில்’ என்று சொல்லும்போது 50 செட்டா, 50 தாளா என்று தெளிவாகச் சொல்லுங்கள். கார்பன்லெஸ் தாள் என்றால் அடியில் வைக்கும் அட்டை மடிப்பு ஒன்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் எழுதினால் அடுத்த பில்லிலும் எழுத்து இறங்கும்.

கட்டங்கள்தான் உங்கள் தொழிலின் முகம். கொலுசு வியாபாரிக்கு மொத்த எடை, நிகர எடை, டச் (வெள்ளியின் தரம்), கூலி எல்லாம் தனித்தனிக் கட்டமாக வேண்டும், கிராமுக்குப் பின் மில்லிகிராம் எழுத அகலம் வேண்டும். அவருக்கு ‘எண்ணிக்கை, விலை, தொகை’ என்ற மூன்று கட்டத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு பில்லிலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டு இருப்பார். அம்மாப்பேட்டை சேலைக்காரருக்கு வேறு, மாம்பழ மண்டிக்கு வேறு. இப்போது கையால் எழுதும் நோட்டில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் கை முட்டுகிறது என்று தெரிந்த பிறகு பிரஸ்ஸுக்குப் போங்கள்.

உணவு விற்பவர்கள் பில்லிலும் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் இது கட்டாயம்.

பாக்கெட்டின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர்

தங்கைக்கு முதலில் அடித்த இரண்டாயிரம் ஸ்டிக்கர் என் சொந்தச் சாதனை. பழுப்பு நிறம், ஒற்றைக் கலர், மேலே பளபளா லேமினேஷன். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. முதல் குளறுபடி: சைவக் குறி பச்சை நிறத்தில், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பழுப்பில் அதற்கு எங்கே போவது? இரண்டாவது: தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் பிறகு ஸ்டாம்ப் குத்திக்கொள்ளலாம் என்று கட்டம் விட்டிருந்தேன். லேமினேஷன் மேல் ஸ்டாம்ப் மை காயவே இல்லை. ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு கடையில் அடுக்கிய பாக்கெட்டில் தேதி பக்கத்துப் பாக்கெட்டின் முதுகில் இருந்தது. மூன்றாவது: எல்லாவற்றையும் அழகான தமிழில் மட்டும் போட்டிருந்தேன். சட்டப்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழ் கூடுதலாக இருக்கலாம், தமிழ் மட்டும் இருக்கக் கூடாது. தமிழ் மேல் எவ்வளவு பற்று இருந்தாலும் இந்த இடத்தில் இரண்டும் வேண்டும். இரண்டாயிரமும் குப்பைக்குப் போனது. தங்கை இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் வலி.

ஆகவே ஸ்டிக்கர் அடிக்கும் முன் இவை எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்: பொருளின் பெயர், சேர்மானம், உங்கள் பொருளுக்குத் தேவையென்றால் ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்தலாம், பேட்ச் எண், தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்ல ஒரு தொடர்பு, எஃப்எஸ்எஸ்ஏஐ எண், சைவக் குறி. காப்பியில் சிக்கரி கலந்தால் காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று சொல்லியே ஆக வேண்டும், காப்பி 51 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. 60-40 கலவையும் 80-20 கலவையும் விற்பவர் இரண்டுக்கும் ஒரே ஸ்டிக்கர் அடிக்க முடியாது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள். தேதி குத்தும் இடத்தில் லேமினேஷன் வராமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டிக்கருக்கே லேமினேஷன் வேண்டாம்.

அச்சடித்த பவுச்சே வேண்டும் என்று முதல் மாதத்தில் ஆசைப்படாதீர்கள். அதற்கு நிறத்துக்கொரு சிலிண்டர் வெட்ட வேண்டும், குறைந்தபட்ச ஆர்டரும் பெரிது. வெறும் பவுச், மேலே ஸ்டிக்கர். விலையோ எடையோ மாறினால் அந்த ஸ்டிக்கரோடு போகும். ஆர்டர் கொடுக்கும் முன் நீங்கள் வாங்கும் பவுச்சிலேயே ஒரு மாதிரியை ஒட்டி, ஒரு வாரம் மலையில் வைத்துப் பாருங்கள். சொரசொரப்பான பழுப்புத் தாள் பவுச்சில் ஈரம் ஏறினால் முனை முதலில் தூக்கும்.

பை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. பலருக்குத் தெரியாதது: துணி மாதிரி இருக்கும் நான்-ஓவன் பையும், பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய பையும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இப்போதைய விதியை விசாரிக்காமல் கடைப் பெயர் அடித்த ஆயிரம் நான்-ஓவன் பை வாங்கினால் அது நீங்களே உங்கள் பெயர் போட்டு வைத்த சாட்சி. பருத்தித் துணிப் பையில் ஸ்கிரீன் பிரிண்ட் ஒன்றிரண்டு நிறத்தில் அடியுங்கள். மஞ்சப்பை என்றால் மஞ்சளில் எடுபடும் அடர்நிறம் வேண்டும்.

பெயர்ப்பலகையும் இதோடு செய்வீர்கள் என்றால், தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது விதி.

புரூஃப்

செல்போனில் வரும் படத்தைப் பார்த்து ‘ஓகே’ அனுப்பாதீர்கள். அசல் அளவில், தாளில் அடித்த புரூஃப் (சரிபார்க்கும் பிரதி) கேளுங்கள். நீங்கள் மூல மேட்டரை வாசிக்க, வேறு ஒருவர் புரூஃபைப் பார்க்கட்டும். எண்களை ஒவ்வொன்றாக, சத்தமாக. புரூஃபில் இருக்கும் போன் நம்பரை அதைப் பார்த்தே டயல் செய்யுங்கள், உங்கள் போன் அடிக்கிறதா பாருங்கள். க்யூஆர் இருந்தால் இரண்டு வேறு போனில் ஸ்கேன் செய்து, உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு, வெளிர்ப் பின்னணியில் கறுப்பாக இருக்கட்டும். ஏதாவது இலவச இணையதளம் வழியாகச் சுற்றிப் போகும் க்யூஆர் வேண்டாம், அந்தத் தளம் காசு கேட்கத் தொடங்கும் நாளில் உங்கள் நோட்டீஸ் செத்துவிடும்.

ஒரு திருத்தம் சொன்னால் இன்னொரு புரூஃப். ‘சின்னத் திருத்தந்தானே’ என்று விட்ட இடத்தில்தான் ஒரு வரி கீழே நழுவி விலை மறைந்திருக்கும். கையெழுத்துப் போட்ட புரூஃபில் இருக்கும் பிழை உங்கள் கணக்கு, அதில் இல்லாமல் அச்சில் வந்த பிழை அச்சகத்தின் கணக்கு. அதனால் கையெழுத்திட்ட தாளை ஒரு போட்டோவாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாளும் பணமும்

கல்யாண முகூர்த்தங்கள் நெருங்கும் மாதங்களில் பத்திரிகை வேலைக்குத்தான் முதல் மரியாதை. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வரும்போது கோயில் நோட்டீஸ். காலண்டர் அடிக்க நினைப்பவர்கள் மார்கழியில் கிளம்ப வேண்டாம், சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே புது ஆல்பம் வெளியிட்டுவிடுவார்கள். கடை திறப்புக்கு மூன்று வாரம் முன்னால் மேட்டர் பிரஸ்ஸில் இருக்கட்டும்.

விலை கேட்கும்போது டிசைன், லேமினேஷன், கட்டிங், ஜிஎஸ்டி, கொண்டுவந்து சேர்க்கும் கூலி எல்லாம் சேர்த்தா என்று கேட்டு, தாளின் ஜிஎஸ்எம்மோடு எழுதி வாங்குங்கள். எழுதாத ஜிஎஸ்எம் எப்போதும் மெலிந்துதான் வரும். வேலை முடிந்ததும் மூலக் கோப்பையும் பிடிஎஃப்பையும் பென் டிரைவில் கேளுங்கள். இதற்கு முதல் நாளே பேசிவிட வேண்டும். காசு கொடுத்த பிறகு கேட்டால் ‘சிஸ்டம் கரப்ட் ஆயிடுச்சுங்க’ என்பார்கள், நானே சொல்லியிருக்கிறேன்.

சரக்கை வாங்கும்போது கட்டின் மேல் இருக்கும் நாலை மட்டும் பார்க்காதீர்கள். நடுவிலிருந்து பத்தை உருவிப் பாருங்கள். பில் புக்கில் ஒவ்வொரு புத்தகத்தின் முதல் எண்ணும் கடைசி எண்ணும் அடுத்த புத்தகத்தோடு சேர்கிறதா, பெர்ஃபரேஷன் (கிழிப்பதற்கான துளைக் கோடு) கிழித்தால் நேராகக் கிழிகிறதா பாருங்கள். மலைக்காரர்கள் இதையெல்லாம் அச்சகத்தின் வாசலிலேயே செய்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, மேலே போய்ப் பிரித்து, 301-க்குப் பிறகு 401 என்று பார்த்தால், அதைத் திருப்பிக் கொண்டுவர ஒரு நாள் வியாபாரம் போகும்.